வெடியுப்பு, கரி, கந்தகம்... மூன்றும் உங்கள் மீன் தொட்டியில் இருக்கின்றன, தெரியுமா?

சிவகாசிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டால்கூடக் கருமருந்துக் கணக்கைச் சொல்லிவிடும்: வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. ஆனால் இதே மூன்றும் உங்கள் வீட்டு முன்னறையில், தண்ணீருக்குள், மீன்களுக்கு நடுவே இருக்க முடியும் என்று தெரியுமா? வெடியுப்பு அங்கே செடிக்குச் சாப்பாடு. கரி தண்ணீரின் கறையை எடுக்கும். கந்தகம் இருக்கிறதே, கவனிக்காமல் விட்டால் ஒரே ராத்திரியில் மீன்களைச் சாய்த்துவிடும்! இந்த மூன்றையும் உள்ளே கூட்டி வருவது யார்? அழகுக்கு வைக்கிறோமே, ஒரு கட்டை. ‘டிரிஃப்ட்வுட்’ என்று சொல்லிக் கடைக்காரர் எடை போட்டு விற்கிறாரே, அதேதான்!

சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்று அழைத்தவர் நேரு. அசல் ஜப்பானில் கட்டையையும் கல்லையும் செடியையும் வைத்தே உலகப் புகழ் பெற்ற ஒருவர் இருந்தார். பெயர் தகாஷி அமானோ. முதலில் சைக்கிள் பந்தய வீரர், அப்புறம் புகைப்படக்காரர், அதற்கும் அப்புறம் கண்ணாடித் தொட்டிக்குள் காடு வளர்த்தவர்! 2015இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துக் கடல் காட்சியகத்தில் அவர் அமைத்த தொட்டியின் நீளம் 40 மீட்டர். கொள்ளளவு 1,60,000 லிட்டர். அதற்குள் நிறுத்திய மரத்தூர்கள் மட்டும் 78! ஸ்காட்லாந்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலேறி வந்தவை. பத்தாயிரம் மீன்கள் அவற்றுக்கு ஊடே நீந்தின. அந்தத் தொட்டி திறந்த அதே ஆண்டில் அமானோ 61 வயதில் காலமானார்.

நம் பக்கமும் இதில் இளைத்ததில்லை. சென்னை மெரினா கடற்கரையில் 1909இலேயே மீன் காட்சியகம் திறந்தாயிற்று. அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. இன்றைக்குச் சென்னையின் கொளத்தூர்தான் தமிழ்நாட்டு வண்ண மீன் வியாபாரத்தின் தலைநகரம். அங்கிருந்து நம் விருதுநகர் மாவட்டத்துக்கு மீன் ஆக்சிஜன் பையில் பயணம் செய்து வந்துவிடுகிறது. கட்டைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்ன? கரிசக்காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டைதானே!

அங்கேதான் ஆபத்து.

காய்ந்து கிடக்கும் எல்லாக் கட்டையும் தொட்டிக்கு ஆகாது. கொம்புக்கள்ளியின் பாலைக் குட்டையில் கலந்து மீனை மயங்க வைத்துப் பிடிக்கும் வழக்கம் இந்த நாட்டில் உண்டு, தெரியுமா? அந்தக் கள்ளியின் தண்டை மீன் தொட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா? அரளி வேண்டாம், எருக்கு வேண்டாம், ஒடித்தால் பால் வடியும் எதுவும் வேண்டாம். ‘வேம்பு நல்ல மரமாச்சே’ என்பீர்கள். பூச்சியை விரட்டும் அதே கசப்பு இறாலுக்கும் நத்தைக்கும் நல்லதல்ல. பிசின் வடியும் மரமும், புதிதாக வெட்டிய பச்சை மரமும் ஒதுக்க வேண்டியவைதான்.

சீமைக்கருவேலம்? மாவட்டம் முழுக்க இதைத் திட்டாத வாயே இல்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொல்லி உத்தரவிட்ட மரம் இது. வெட்டினால் விறகு, மூட்டம் போட்டால் கரி. நன்றாகச் செத்துக் காய்ந்த தூர், பட்டை முழுதும் உரித்தது, முள் ஒன்றுகூட இல்லாமல் சீவியது என்றால் சோதித்துப் பார்க்கலாம். சோதிப்பது எப்படி? நகத்தால் கீறுங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் உளுத்த கட்டை. பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் இன்னும் பால் காயாத கட்டை. இரண்டும் இல்லையென்றால், ஊற வைத்த பிறகு தனி வாளியில் இரண்டு நத்தையோடு ஒரு வாரம் விடுங்கள். நத்தை மேய்ந்துகொண்டிருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு கிடந்தால் அந்தக் கட்டை அடுப்புக்குத்தான். முள்ளைச் சீவுவதில் மட்டும் சோம்பல் கூடாது. கண் பிதுங்கிய தங்க மீன் வளர்ப்பவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

கண்மாய் வற்றும்போது கருவேல மரங்களின் அடித்தூர்கள் எட்டிப் பார்க்கும். வருடத்தில் பாதி நாள் தண்ணீரில் ஊறியே பழகிய கட்டை! பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கண்மாய் மரம் அரசுக்குச் சொந்தம், ஏலம் விட்டுத்தான் வெட்டுவார்கள். கேட்டுக்கொண்டு எடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கம் ஓடையில் அழகழகாய் வேர்கள் கிடக்கும். அதைத் தொடக்கூடக் கூடாது, தெரியுமா? சாம்பல் அணிலுக்காக 1988இல் சரணாலயமான காடு அது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. காய்ந்த வேர் என்றாலும் அங்கிருந்து தூக்கி வந்தால் வழக்குத்தான்.

வெடி ஆபீஸ் பக்கம் கிடக்கும் கட்டைகள், பழைய சரக்குப் பெட்டிப் பலகைகள், மருந்து அறைக்கு அருகே வெட்டிப் போட்ட மரங்கள் எதையும் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். ஏன் தெரியுமா? வானத்தில் பச்சை விரிவது பேரியத்தால், சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தால், நீலம் செம்பால்! அந்தச் செம்பு துளித்துளியாகத் தண்ணீரில் கலந்தாலும் இறாலும் நத்தையும் தாங்காது. பேரியமும் நஞ்சுதான். பட்டாசில் பேரியம் உப்புகள் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது உங்களுக்குத் தெரியாததல்ல. மரம் வருடக்கணக்கில் உறிஞ்சியதை ஒரே நாளில் கழுவி எடுக்க முடியாது. சோப்புக்கும் இதே நியாயம்தான். கட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் அழுக்கு போகும், சோப்பு போகாது!

சரி, நல்ல கட்டை கிடைத்துவிட்டது. தொட்டியில் போட்டீர்கள். மிதக்கிறது! கல்லைத் தூக்கி மேலே வைத்தீர்கள். கல் உருண்டது, கட்டை மறுபடி மேலே! இதற்குப் பின்னால் ஓர் ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. உலகத்தில் எந்த மரமும் மிதக்கும் பொருளால் ஆனதே அல்ல. பஞ்சுபோன்ற பால்சா ஆனாலும் இரும்புபோன்ற கருங்காலி ஆனாலும், மரத்தின் செல் சுவர் தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு கனமானது! மிதக்க வைப்பதெல்லாம் உள்ளே அடைபட்ட காற்றுதான். காற்று வெளியேறித் தண்ணீர் புகுந்துவிட்டால் எந்தக் கட்டையும் தானாக உட்காரும்.

இங்கேதான் நம் ஊர் வெயில் விளையாடுகிறது. மழை குறைந்த, காற்றில் ஈரம் அதிகம் இல்லாத இந்த மண்ணில்தான் தீப்பெட்டியும் வெடியும் காய்ந்து வந்தன. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1920களின் தொடக்கத்தில். குச்சியை உலர்த்த உதவிய அந்த வெயில் உங்கள் கட்டையையும் நரம்புவரை உலர்த்திவிடுகிறது. உள்ளே காற்று நிறைய இருப்பதால் கட்டை மூழ்குவதற்கு வாரக்கணக்கில் அடம்பிடிக்கும். கொதிக்க வையுங்கள். சூட்டில் உள்காற்று விரிந்து வெளியேறும். ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதனால் கொதித்த கட்டையை உடனே வெளியே எடுத்துவிடக் கூடாது, அந்தத் தண்ணீரிலேயே ஆற விட வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கிருமியும் சாகும், சாயமும் இறங்கும், ஒரே கல்லில் மூன்று மாங்காய்!

ஆனால் பெரிய பழைய அண்டாவில் வையுங்கள், குழம்புச் சட்டியில் அல்ல. குக்கர் வேண்டாம். அடுப்பில் நேராகக் காட்டுவதும் மின் அடுப்புக்குள் சுடுவதும் வேண்டவே வேண்டாம், காய்ந்த கட்டை பற்றிக்கொள்ளும். இன்னொன்று: கட்டையைக் கொதிக்க வைக்கலாம், கல்லைக் கொதிக்க வைக்கக் கூடாது! கல்லின் விரிசலுக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் கல்லையே தெறிக்க வைக்கும். கல்லுக்கு வெந்நீர் ஊற்றி நன்றாகத் தேய்த்தால் போதும்.

இரண்டாம் நாள் தொட்டியைப் பார்த்தால் தண்ணீர் கடுங்காப்பி நிறம்! பதறாதீர்கள், அது டானின். ஆவாரம் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டார்களே நம் ஆட்கள், அந்தப் பட்டைக்குள் இருந்ததும் இதே சரக்குதான். கடுக்காயோடு அன்னபேதி சேர்த்தால் கருப்பு மை ஆகும் என்பது அந்தக் காலக் கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த ரகசியம். கடுக்காயின் டானினும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து கருத்துவிடுகின்றன. இப்போது யோசியுங்கள்: கட்டையைப் பலகைக்கல்லோடு பிணைக்கச் சாதாரண இரும்புத் திருகாணி போட்டால் என்ன ஆகும்? தொட்டிக்குள்ளேயே மைக்கூடு! ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி மட்டும் போடுங்கள்.

மீனுக்கு இந்த நிறத்தால் கெடுதல் உண்டா? தென் அமெரிக்காவின் ரியோ நெக்ரோ ஆறு முழுவதுமே இந்த நிறம்தான், தெரியுமா? கடைகளில் நெருப்புக் கோடு போட்டதுபோல மின்னுகிறதே கார்டினல் டெட்ரா, அதன் பிறந்த வீடே அந்தக் கரிய ஆறு. சண்டை மீன் வளர்ப்பவர்கள் நாட்டு வாதுமையின் காய்ந்த இலையைத் தொட்டியில் போடுவதும் இந்தச் சாயத்துக்காகத்தான். தெருவில் பெருக்கித் தள்ளும் இலை அது. பொட்டலம் கட்டி விற்கும் கடைகளும் உண்டு! ஒரு விஷயம் மட்டும்: ‘கட்டை போட்டால் தண்ணீர் அமிலத்தன்மைக்கு மாறும்’ என்று படித்துவிட்டு வந்து காத்திருக்காதீர்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அவ்வளவு இருக்கின்றன. கட்டையின் அமிலத்தைச் சுண்ணாம்பு தின்று தீர்த்துவிடும். நிறம்தான் மாறும், தண்ணீரின் குணம் லேசில் மாறாது.

நிறம் பிடிக்காவிட்டால்? இப்போது வருகிறது கருமருந்தின் இரண்டாவது சரக்கு, கரி! ஃபில்டருக்குள் போடும் செயலூட்டிய கரி ஒரு கிராமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்துளைகளின் பரப்பை விரித்தால் 500 சதுர மீட்டரைத் தாண்டும்! சாயம் எல்லாம் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையில் செய்வது. கரிமூட்டத்துக் கரியை உடைத்துப் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. அதில் அத்தனை துளை திறந்திருக்காது, தூசிதான் மிஞ்சும். அது இஸ்திரிப் பெட்டிக்கு இருக்கட்டும்.

மாட்டுவண்டி ஓட்டியவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கோடையில் சக்கரத்தின் ஆரக்கால்கள் ஆடத் தொடங்கினால் சக்கரத்தைக் கண்மாயில் ஊறப் போடுவார்கள், காலையில் எல்லாம் இறுகிவிடும். மரம் தண்ணீர் குடித்தால் வீங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, குறுக்குவாக்கில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் மேலே போகும்! காய்ந்த கட்டையை இரண்டு கண்ணாடிக்கும் நடுவே கச்சிதமாகச் சொருகிவிட்டு ‘எப்படி நிற்குது பாத்தியா’ என்று பெருமைப்படுபவர்கள் கவனிக்க வேண்டும். உள்ளே இருந்து நெம்பும் அந்த அழுத்தத்தில் கண்ணாடி விரிசல் விடும். ஒவ்வொரு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். அல்லது முழுக்க ஊறிய கட்டையைக் கொண்டே அடுக்கிப் பாருங்கள்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டிதானே என்று நினைக்காதீர்கள். நிரம்ப ஊற்றினால் 56 கிலோ தண்ணீர்! நாலடித் தொட்டியில் அகலமும் உயரமும் ஒன்றரை அடி என்றால் தண்ணீர் மட்டும் கால் டன்! கண்ணாடி உடைந்தால் இத்தனையும் உங்கள் வீட்டுத் தரையில், பக்கத்தில் மின்சாரப் பலகையும் இருக்கும். அதனால் கட்டையின் கூர்முனை நேராகக் கண்ணாடித் தளத்தில் குத்தி நிற்கக் கூடாது. அடியில் மெல்லிய ஃபோம் விரித்து, கட்டையை முதலில் நிறுத்தி, பிறகுதான் மணலைக் கொட்ட வேண்டும். மணலுக்கு மேல் நிறுத்தினால் மண்ணைக் கிளறும் மீன் ஒன்று போதும், ஒரு ராத்திரியில் குழி பறித்துக் கட்டையைக் கவிழ்த்துவிடும். அட்டைப் பெட்டி ஒன்றைத் தொட்டியின் அளவுக்கு வெட்டி அதில் முதலில் அடுக்கிப் பாருங்கள். அட்டைப் பெட்டிக்குச் சிவகாசியில் பஞ்சமா!

கட்டைக்கு அடித்தளமாக என்ன கல் வைப்பது? வீட்டு அலமாரியில் மிஞ்சிய கடப்பா கல்லைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அது சுண்ணாம்புக் கல் வகை, தெரியுமா? இந்த மாவட்டத்து மண்ணுக்கே அந்தக் குணம் உண்டு. பந்தல்குடிப் பக்கம் வெட்டுவது சுண்ணாம்புக் கல், ஆர்.ஆர். நகரில் சிமென்ட் ஆலை வந்ததும் அதனால்தான். ரோட்டோரம் பொறுக்கிய கல்லின்மேல் நல்ல வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. ஏற்கெனவே கடினமான தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும். கருங்கல் துண்டு பேசாமல் கிடக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக்! மீன் தொட்டிக்குள் ஃபெவிக்விக்கா என்று வாயைப் பிளக்காதீர்கள். உலகம் முழுக்கச் செடி ஒட்டுவது அந்த ஜாதிப் பசையால்தான். 1942இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பவரின் குழு துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது, தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டு தொல்லை தந்த சரக்கு அது. எரிச்சலில் ஒதுக்கி வைத்தார்கள். 1958இல் அதையே பசையாக விற்கத் தொடங்கினார்கள்! மற்ற பசைகள் இறுக உலர வேண்டும். இதற்கோ ஈரம் வேண்டும். ஈரம் பட்டதும் இறுகிக் கெட்டியான பிளாஸ்டிக் ஆகிவிடும். அதனால்தான் ஒட்டியதை ஒரு நிமிடத்தில் தண்ணீருக்குள் இறக்கலாம், மீனுக்குக் கெடுதல் இல்லை.

ஆனால் இந்த மாவட்டத்துக்காரர்கள் மட்டும் இன்னொன்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இந்தப் பசை பருத்தியைத் தொட்டால் புகையும்! விளையாட்டில்லை. ராஜபாளையம் மில் நூலோ, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியோ, பனியனோ, பருத்தி என்றாலே இழை இழையாகப் பரப்பு அதிகம், இழைக்குள் ஈரமும் இருக்கும். பசை முழுவதும் ஒரே நொடியில் இறுகி, அந்த வேகத்தில் வெளியேறும் சூடு விரலைச் சுட்டுவிடும், கண்ணெரியும் புகை கிளம்பும், சில நேரம் பஞ்சே கருகும். பசை ஒழுகிவிட்டதே என்று பழைய வேட்டித் துணியால் துடைப்பதும், பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு ஒட்டுவதும்தான் பெரும்பாலும் சூடு வாங்கித் தருபவை. இரண்டு கட்டைக்கு நடுவே சிகரெட் ஃபில்டர் பஞ்சை வைத்துப் பசை ஊற்றிக் கல்லாக்கும் வித்தை ஒன்று தொட்டி அலங்காரக்காரர்களிடம் உண்டு. பிரமாதமாக நிற்கும், ஆனால் அங்கேயும் சூடும் புகையும் உண்டு. காற்றோட்டமான திறந்த இடத்தில், முகத்தை விலக்கிச் செய்ய வேண்டிய வேலை. மாடியில் தீபாவளிச் சரக்கை அடுக்கி வைத்திருக்கும் வீடு என்றால் அந்த வித்தையே வேண்டாம், பேசாமல் திருகாணி போடுங்கள்.

வேண்டுமானால் நூலை மட்டும் தனியாகப் பயன்படுத்துங்கள். பருத்தி நூலால் செடியைக் கட்டையோடு கட்டினால், நூல் இற்றுப்போவதற்குள் செடியின் வேர் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். சாவகாசமாக வளரும் செடிக்குத் தூண்டில் நரம்பு. சிலிக்கான் பசை என்றால் பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த குளியலறைச் சரக்கை வாங்காதீர்கள், மீன் தொட்டிக்கென்றே விற்பது கிடைக்கும்.

கட்டையின்மேல் என்ன செடி? அனுபியாஸ்! மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளின் நிழலில் வளர்வது. எகிப்தியர்களின் மறு உலகக் கடவுள் அனுபிஸின் பெயர் அதற்கு. மாதத்துக்கு ஓர் இலை விட்டால் பெரிய காரியம். அதையும் ஜாவா ஃபெர்னையும் மண்ணுக்குள் புதைத்தால் கிடைத்தண்டு அழுகிச் செத்துவிடும் என்பது தெரியுமா? செடி என்றால் குழி தோண்டி நட வேண்டும் என்று பழகிய கை நமக்கு. இங்கே நடாமல் ஒட்டினால்தான் பிழைக்கும்! கிடைத்தண்டின் அடியில், வேர் பக்கம் மட்டும் கடுகளவு பசை. ஜாவா ஃபெர்ன் இன்னும் வேடிக்கை: முதிர்ந்த இலையின் நுனியிலேயே குட்டிச் செடி முளைக்கும், கிள்ளி இன்னொரு கட்டையில் ஒட்டலாம்.

மண்ணில் நடுவதற்கு வேறு செடிகள். உலகம் முழுக்கத் தொட்டிகளில் கொண்டாடப்படும் கிரிப்டோகோரைன் வெண்ட்டி, பக்கத்து இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராதது! அதன் உறவுக்காரச் செடி ஒன்று நம் வயல் ஓரங்களில் முளைக்கிறது, சித்த வைத்தியர்கள் நாட்டு அதிவிடயம் என்கிறார்கள். நீர்ப்பிரமி தெரியுமல்லவா, ஞாபகசக்திக்கு என்று கடையில் விற்பது? ‘பக்கோபா’ என்று பெயர் மாற்றிக்கொண்டு அதுவும் மீன் தொட்டிச் செடிதான்! நெல் வயலில் களை என்று பிடுங்கி வரப்பில் எறியும் ரொட்டாலாவையும் லிம்னோஃபிலாவையும் வெளிநாட்டில் கொத்துக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் கடைக்குப் போகும் முன் வாய்க்கால் பக்கம் ஒரு நடை போய் வரச் சொல்வேன். மருந்தடித்த வயலை மட்டும் தவிர்த்துவிட்டு.

கிரிப்டோ நட்ட முதல் வாரம் இலை எல்லாம் கூழாகக் கரையும். ‘செத்துப்போச்சு’ என்று பிடுங்கி எறிகிறவர்கள்தான் அதிகம்! இடம் மாறிய கோபத்தில் இலையை உதிர்ப்பது அதன் சுபாவம். வேரைத் தொடாமல் விட்டால் சில வாரங்களில் புது இலை வரும்.

இந்தச் செடிகளுக்குத்தான் வெடியுப்பு. பொட்டாசியம் நைட்ரேட் என்பது அதன் பாடப்புத்தகப் பெயர். சரத்தில் இருந்தால் தீக்கு ஆக்சிஜன் ஊட்டும், தொட்டியில் இருந்தால் செடிக்கு நைட்ரஜனும் பொட்டாசியமும் ஊட்டும்! ஐம்பது லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் கரைத்தால் லிட்டருக்கு 12 மில்லிகிராம் நைட்ரேட் ஏறும். செடி அடர்ந்த தொட்டிக்கு வாரத்துக்கு அது போதும், மீன் நிறைய இருந்தால் அதுவும் வேண்டாம், மீனின் கழிவே தந்துவிடும். வெடி ஆபீஸில் வேலை பார்க்கும் மாமாவிடம் ஒரு பொட்டலம் கேட்காதீர்கள்! ஆபீஸ் சரக்கில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, வெளியே எடுத்து வருவதும் குற்றம். உரக்கடையில் 13:0:45 என்று போட்ட பாக்கெட் கேளுங்கள், சொட்டுநீர் விவசாயிகளுக்கு விற்பது. அதுவும் இதே பொருள்தான். காய்ந்த இடத்தில், அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

மூன்றாவது, கந்தகம். பெரிய கட்டையைத் தடித்த மணலில் ஆழப் புதைத்தால் அதன் அடியில் காற்று நுழையாது. அந்த இருட்டில் ஆக்சிஜனே வேண்டாத நுண்ணுயிர்கள் குடியேறும். தண்ணீரில் கரைந்திருக்கும் சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு அவை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். அழுகிய முட்டை வாடை! கட்டையைத் திடீரென்று பெயர்த்தால் குமிழி குமிழியாக வெளியேறும். சின்னத் தொட்டியில் அது மீனுக்குக் காலன். கட்டைக்கு அடியில் மணல் கருத்திருந்தால் அவசரப்படாதீர்கள். மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, ஏர் பம்ப்பை முழு வேகத்தில் ஓட விட்டு, மெல்லத் தூக்குங்கள். முதலிலேயே கட்டையின் கீழ் மணலை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. புதுக்கட்டையின் மேல் வெள்ளையாகப் பஞ்சு படர்வது வேறு. அதைப் பார்த்துப் பயந்து மருந்து ஊற்ற வேண்டாம். நத்தையும் இறாலும் அதை விருந்தாகத் தின்றுவிடும், மிஞ்சினால் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம்.

தீபாவளி வெடிச்சத்தம் மீனுக்குக் கேட்குமா? சத்தம் காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போனால் தண்ணீரில் 1,480 மீட்டர் போகிறது! ஆனால் காற்றில் வரும் சத்தம் நீரின் மேற்பரப்பில் மோதி, ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் உள்ளே இறங்குகிறது. ‘அப்பாடா’ என்று விட்டுவிட முடியாது. மேசையும் கண்ணாடியும் அதிர்ந்தால் அந்த அதிர்வு நேராக உள்ளே போகும். தங்க மீன், கெண்டை, டெட்ரா இவற்றுக்குக் காற்றுப்பையிலிருந்து உள்காதுவரை குட்டி எலும்புகளின் சங்கிலியே உண்டு. மற்ற மீன்களைவிட நன்றாகக் கேட்கும். அன்றைக்கு அவை ஓடி ஒளிவது எங்கே? கட்டையின் பொந்துக்குள்தான். பொந்து இல்லாத தொட்டியில் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும்.

சத்தத்தைவிடப் புகைதான் பெரிய சங்கடம். ஏர் பம்ப் எதை உறிஞ்சுகிறது? அறையின் காற்றை! வாசலில் வெடித்த புகை ஜன்னல் வழியே நுழைந்தால் பம்ப் அதைக் குழாய் வைத்துத் தண்ணீருக்குள் ஊதிவிடும். கொசுவிரட்டியும் அப்படியே. அதில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மனிதனைவிட மீனைப் பல மடங்கு தாக்கும். பம்ப்பைப் புகை வராத உள்ளறைக்கு மாற்றி நீளக் குழாய் விடுங்கள், ஒரு ராத்திரிக்குத்தானே.

கடைசியாக ஒரு மீன். தென் அமெரிக்காவின் பனாக் கெளுத்தி, கடையில் ராயல் பிளெகோ. கட்டையை அலங்காரமாகப் பார்க்காமல் சாப்பாடாகப் பார்க்கும் மீன் இது! கரண்டிபோல் குழிந்த பற்களால் ராத்திரி முழுக்கக் கரகரவென்று கட்டையைச் சீவும், அறைக்கே சத்தம் கேட்கும். கரையானைப்போல மரத்தைச் செரிக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. தின்ற மரம் நான்கு மணி நேரத்துக்குள் குடலைக் கடந்து தூளாகவே வெளியேறிவிடுகிறதாம்! மரத்தோடு சேர்ந்து வரும் மக்கிய சத்தைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். இரண்டடித் தொட்டிக்காரர்கள் ஆசைப்பட வேண்டாம். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கினால், பார்த்துப் பார்த்து ஒட்டிய அனுபியாஸை அந்தக் கட்டையில் வைக்காதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு கட்டை போட்டுவிடுங்கள், ஃபில்டர் பஞ்சையும் அடிக்கடி அலச வேண்டியிருக்கும், மரத்தூள் அவ்வளவு சேரும்.